ஆறு வருஷமாக என் கேபினில் கத்தும் எல்எம்ஐ

50 டன் டெலஸ்கோப்பிக் கிரேன் ஒன்றை ஆறு வருஷமாக ஓட்டுகிறேன். முதல் மாதம் என்னைப் படுத்தி எடுத்தது எல்எம்ஐ பஸ்ஸர்தான். எல்எம்ஐ என்றால் லோடு மொமென்ட் இண்டிகேட்டர், சுமை அளவு மீறினால் எச்சரிக்கும் கருவி. எனக்கு முன்னால் ஓட்டியவருக்கும் அப்படித்தான் போல, பஸ்ஸர் ஓட்டையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருந்தார்.

வண்டியில் 50 டன் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பும் சைட் எஞ்சினியர்கள் நிறையப் பேர். பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, முழுக்க உள்ளிழுத்து, மூன்று மீட்டர் ரேடியஸில் (வண்டி சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை உள்ள தூரம்) தூக்கினால்தான் அந்த எடை. சுமை தள்ளிப் போகப் போக வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் மொமென்ட், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கிய கணக்கு, ஏறும். 5 டன்னை 6 மீட்டரில் பிடித்தால் 30 டன்-மீட்டர், அதே 5 டன் 10 மீட்டருக்குப் போனால் 50.

எல்எம்ஐ போடுவதும் இந்தக் கணக்கைத்தான். பூம் கோணத்துக்கு ஒரு சென்சார், நீளத்துக்குப் பூமின் பக்கவாட்டில் கேபிள் சுற்றிய டிரம், பூமைத் தூக்கும் சிலிண்டரில் பிரஷர் சென்சார்கள். இவற்றிலிருந்து சுமையையும் ரேடியஸையும் கண்டுபிடித்து, உள்ளே பதிந்திருக்கும் லோடு சார்ட்டோடு, அதாவது எந்த ரேடியஸில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணையோடு, ஒப்பிடும். என் வண்டியில் அனுமதித்த எடையில் 90 சதவீதத்தைத் தொட்டால் மஞ்சள் விளக்கும் விட்டுவிட்டு பீப்பும் வரும். 100-ஐத் தொட்டால் சிவப்பு. அப்புறம் கொக்கி மேலே ஏறாது, பூம் சாயாது, நீளாது. சுமையை இறக்கலாம், பூமை உள்ளிழுக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷம் ஒரு சைட்டில் காம்பவுண்டு சுவரை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. வண்டி கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி, நுனியில் ஜாக்கி ஊன்றும் கால்களான அவுட்ரிகரைப் பாதிதான் விரிக்க முடிந்தது. பழைய மாடல் என்பதால் பாதியா முழுசா என்பதை நாம்தான் எல்எம்ஐயில் குறியீட்டு எண் போட்டுச் சொல்ல வேண்டும். முந்தின நாள் வேலைக்குப் போட்ட 'முழு' எண்ணை நான் மாற்றவில்லை. திரையில் 70 சதவீதம், பச்சை விளக்கு. பூமைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தேன். "அண்ணே, பின்னாடி ஜாக்கி தூக்குது!" என்று ஹெல்பர் பையன் கத்தினான். எட்டிப் பார்த்தால் ஜாக்கிக்கு அடியில் வைத்த கட்டையைக் கையாலேயே உருவிவிடலாம் போலிருந்தது. மெதுவாகச் சுமையைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினேன். அரை மணி நேரம் கை நடுங்கியது. பஸ்ஸர் ஒரு பீப்கூட அடிக்கவில்லை. அதன் மேல் தப்பில்லை, நான் சொன்ன சார்ட்டை வைத்துத்தான் அது பார்த்தது.

மண்ணும் அதற்குத் தெரியாது. மழைக்குப் பிறகு களிமண்ணில் ஒரு ஜாக்கி இறங்கினால் வண்டி சாய்ந்து ரேடியஸ் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு தூக்கலுக்கும் முன் லெவல் குமிழியைப் பார்க்கிறேன். சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி, நான்கு ஜாக்கியையும் ஹெல்பரைப் பார்க்கச் சொல்கிறேன். காற்றடிக்கும் நாளில் அகலமான ஷீட்டுகளைத் தொடுவதே இல்லை.

பராமரிப்பில் அதிகம் தொல்லை கொடுத்தது நீள டிரம் கேபிள்தான், இரண்டு முறை அறுந்தது. கனெக்டரில் மழைநீர் புகுந்தால் திரையில் எரர் வரும். மாதம் ஒரு முறை எடை தெரிந்த கான்கிரீட் பிளாக் ஒன்றைத் தூக்கி, திரை காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்ப்பேன். ஹூக் பிளாக், ஸ்லிங், ஷேக்கிள் எல்லாம் சேர்ந்த எடையைத்தான் அது காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை அரை டன் குறைவாகக் காட்டியது. அன்றைக்கே சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம்.

எல்எம்ஐயின் தடையை நிறுத்திவைக்க ஒரு பைபாஸ் சாவி உண்டு. "பைபாஸ் சாவியைப் போட்டு ஒரே ஒரு தூக்கு, ஆபரேட்டர்" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தச் சாவி இப்போது என்னிடம் இல்லை. முதலாளியிடம் சொல்லி ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டேன்.