கிளமீடியா டெஸ்ட்: ரத்தம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே குழந்தை பெற்றுக்கொள்வதற்கான பரிசோதனைகளையும் முடித்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்ததில், உடலுறவு மூலம் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமீடியாவும் இருந்தது. முதலில் போன லேபில் இருவரிடமும் ரத்தம் மட்டும் எடுத்தார்கள். எனக்கு ஐஜிஜி பாசிட்டிவ். "உங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் இருக்கு மேடம்" என்று கவுண்டரில் இருந்தவர் நாலு பேர் காதில் விழச் சொன்னார். அவர் சொன்ன விதமும் தப்பு, சொன்ன விஷயமும் தப்பு.

ஐஜிஜி என்பது கிருமி இல்லை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள். தொற்று குணமான பிறகும் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். நுரையீரலைத் தாக்கும் வேறொரு வகைக் கிளமீடியா வந்து போயிருந்தாலும் சில கிட்கள் பாசிட்டிவ் காட்டிவிடும். இப்போது தொற்று இருக்கிறதா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், பிசிஆர் போல கிருமியின் மரபணுவையே தேடும் நாட் டெஸ்ட் செய்யும் வேறு லேபுக்கு அனுப்பினார்.

அங்கே அனுபவமே வேறு. டெக்னீஷியன் என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், கடைசியா எப்ப யூரின் போனீங்க?" குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டுமாம். சாதாரண யூரின் கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிப்போம். இதற்கு நேர் எதிர். கிருமி சிறுநீர்க் குழாயின் உட்சுவரில் இருப்பதால், அதை அலசிக்கொண்டு முதலில் வரும் 20, 30 மில்லிதான் வேண்டும். கப் நிறையப் பிடித்தால் நீர்த்துப்போய்விடும்.

பெண்களுக்குச் சிறுநீரை விட, பிறப்புறுப்பின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் ஸ்வாப் நல்லது, சிறுநீரில் சில தொற்றுகள் தப்பிவிடும். நர்ஸ் ஒரு தடவை சொல்லிக் காட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு நானே எடுத்தேன். நாமே எடுத்தாலும் டாக்டர் எடுப்பதற்கு இணையாகவே முடிவு கிடைக்கும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் பெண்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று அறிகுறியே காட்டாது, ஆண்களிலும் நிறையப் பேருக்கு அப்படித்தான். சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துவிட்டுப் போகும்.

முன்பெல்லாம் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் வழி. இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும் என்பதால் அதற்கென்று செல் வளர்த்து, நாள்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள். அப்படியும் பல தொற்றுகள் தப்பிவிடும். எலைசா, ரேபிட் கிட் என்று கிருமியின் பாகங்களைத் தேடும் ஆன்டிஜென் முறைகளும் நாட் அளவுக்கு வராது. ஆனால் நாட்டும் ஏமாந்ததுண்டு. 2006இல் சுவீடனில் இந்தக் கிருமியின் ஒரு புது வகை தெரியவந்தது. சில கிட்கள் தேடிய மரபணுத் துண்டே அதில் விடுபட்டிருந்ததால் அவை நெகட்டிவ் காட்டின. அதன் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைத் தேடும் கிட்கள் வந்தன.

எங்கள் இருவருக்கும் நெகட்டிவ். பாசிட்டிவ் வந்திருந்தால் இருவருமே மருந்து எடுத்திருக்க வேண்டும். முடித்தவுடன் மறுபடி டெஸ்ட் செய்யக் கூடாதாம், செத்த கிருமியின் டிஎன்ஏ சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதுதான் வழக்கம், மறுபடி தொற்றியிருக்கிறதா என்பதற்காக.

சரி, அந்த ஐஜிஜி வீணா? இல்லை. எப்போதோ வந்துபோன தொற்றின் தடமாக இருக்கலாம் என்பதால், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எச்எஸ்ஜி எழுதிக் கொடுத்திருக்கிறார், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அது.