பொலிரோவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் ரேக்: மூணு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

சைக்கிள் ரேக் வாங்க நினைக்கிறவர்கள் எத்தனை சைக்கிள் ஏறும், எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வெயிலில் ஓட்டிக் களைத்த பிறகு, துணைக்கு ஆள் இல்லாமல், கடைசி சைக்கிளை ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்த ரேக்கை மூணு வருஷத்துக்கு மேலாகப் பொலிரோவில் மாட்டி ஓட்டுகிறோம். இந்த ஒரு கேள்வியில் அது பாஸ். வேறு சிலதில் இன்னும் என்னைப் படுத்துகிறது.

காரைக்குடி டவுனுக்குள் பையனை சைக்கிளில் விட மனசு வராது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கம் போய்விட்டால் கவலையே இல்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி, சைக்கிளை இறக்கினால் போதும்.

கூரையில் ஏற்றும் ரேக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. பொலிரோவின் உயரம் 1,880 மி.மீ., நான் ஐந்தடி. 15 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி, எக்கி நின்று, கிளாம்ப்பையும் மாட்ட எனக்கு இன்னும் ரெண்டு கை முளைக்க வேண்டும். பட்டை கட்டி டிக்கியில் தொங்கவிடும் வகையும் ஆகாது, பின் கதவில்தான் ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கிறதே. கொழுந்தனார் வைத்திருந்த தொங்கும் ரேக்கைக் கொஞ்ச நாள் பார்த்தோம். அது சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கும். என் லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி ஏது? சாய்த்துத் தொங்கவிட்டால் பெடல் போய் அடுத்த சைக்கிளின் பெயின்ட்டைச் சுரண்டும்.

அதனால் சக்கரம் உட்காரும் தட்டு வகைதான் என்று முடிவானது. சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், புதிதாக ஓட்டை போடாமல், பின் பம்பரின் பழைய போல்ட் துளைகளிலேயே ஒரு குறுக்குச் சட்டம், அதன் நடுவில் ஒரு சதுரக் குழாய். ரேக்கின் குழாய் அதற்குள் நுழைந்து பின்னால் பூட்டப்படும். வேலை இல்லாத நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கழற்றுகிற மாதிரி இருந்தால் மனசுக்கு நிம்மதி. இரும்பு, கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

தட்டு தரையிலிருந்து சுமார் 50 செ.மீ., என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இந்த ரேக்கின் உயிரே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சைக்கிளை முழுசாகத் தூக்குவதே கிடையாது. பின் சக்கரம் தரையில் இருக்க, முன் சக்கரத்தை மட்டும் தூக்கித் தட்டின் வளையத்துக்குள் விடுவேன். அது அங்கே பிடித்து நிற்கும். பிறகு சீட்டைப் பிடித்துப் பின் பக்கத்தைத் தூக்கி வைத்தால் முடிந்தது. ஒவ்வொரு தூக்கலிலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடைதான். கியர், செயின் எல்லாம் இருக்கிற பின் பக்கம் சற்றுக் கனக்கும், அவ்வளவே. மாமாவின் பேட்டரி சைக்கிள் மட்டும் இருபது கிலோவைத் தாண்டும். அதற்குத் தட்டின் முனையில் மாட்டிக்கொள்ள ஒரு சி சேனல் (வாய்க்கால் மாதிரி மடங்கிய இரும்பு) துண்டு செய்து வாங்கினோம். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, சேனல் வழியாக உருட்டி ஏற்றிவிடுவார். எழுபது வயதுக்காரர், யாரையும் கூப்பிடுவதில்லை.

பிடிமானம் முன் டயரின் மேல் அமரும் கொக்கிக் கை ஒன்று, பின் சக்கரத்துக்குப் பட்டை ஒன்று. ஃபிரேமைத் தொடுவதே இல்லை என்பதால் எந்த மாடல் சைக்கிளும் உட்காரும். இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சைக்கிள்களைத் தலைமாற்றி வைத்தாலும் ஒன்றின் ஹேண்டில்பார் மற்றதன் சீட்டில் இடிக்கும். அதற்காகத் தட்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிற மாதிரி கேட்டேன். சரியான இடம் கிடைத்ததும் நெயில் பாலிஷில் கோடு போட்டு வைத்தேன், ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்க்கிற வேலை மிச்சம்.

இனி தொந்தரவுகள். நம்ம ஊர்ச் செம்மண் தூசி கொக்கியின் பல்லுக்குள் போய் அடைந்துகொள்ளும். கிரீஸ் போட்டால் இன்னும் மோசம், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் காய்ந்தபடியே தட்டிவிடுவதுதான் சரி. கொக்கியின் ரப்பர் இரண்டாவது கோடையில் வெடித்தது. பஞ்சர் கடையில் பழைய டியூப்பை வாங்கி, வெட்டிச் சுற்றிவிட்டேன், இன்றுவரை அதுதான் இருக்கிறது. பட்டை காற்றில் படபடவென்று அடித்தால் மாட்டும்போது ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும். குழாய்க்குள் குழாய் ஆடி டக் டக் என்றதற்குப் பக்கவாட்டில் ஒரு போல்ட் வைத்து இறுக்கினோம்.

தாழ்வாக இருப்பதற்கும் விலை உண்டு. பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் கவனிக்காமல் போனால் தட்டின் அடி உரசும். ரேக் மாட்டியிருந்தால் பின் கதவு திறக்காது. சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர்க் கேனும் நடு சீட்டுக்குத்தான் போகும். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக்கூடாது என்பது இன்னொரு தலைவலி. 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகள் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு வருகின்றன, ஸ்டிக்கர் கடையில் இன்னொன்று அடித்து ரேக்கில் தொங்கவிட வழியில்லை. வெளித்தட்டின் ஓரத்தில் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் இருக்கும் ஒரு பட்டி பொருத்தி, வண்டியின் ஒயரோடு சாக்கெட் வைத்து இணைத்திருக்கிறோம். நம்பர் பிளேட்டுக்காக, அது மறையாத இடத்தைப் பார்த்து, சைக்கிளை நகர்த்தித்தான் வைக்கிறேன்.

பையனுக்கும் ஒன்று வேண்டுமே என்று மூணாவது தட்டு வைக்கக் கேட்டுப் பார்த்தேன். பட்டறைக்கார அண்ணன் தலையை ஆட்டினார். "வேணாம் ஆச்சி. தூரம் நீள நீள, குழியில விழும்போது இழுப்பு அத்தனையும் அந்த போல்ட்டுலதான் வரும். பட்டறையில நிக்கிறப்ப தாங்கும், ரோட்டுல தாங்காது." பையனுடைய 20 இன்ச் சைக்கிளை முன் சக்கரத்தைக் கழற்றிப் பின் சீட்டை மடக்கி, பக்கக் கதவு வழியாக உள்ளேயே போட்டுக்கொள்கிறோம்.