இருபது ரூபாய்க்குள் ஒரு சொந்தப் புத்தகம்: வியாசர்பாடியிலிருந்து ஸ்டோரிவீவர் பற்றி

பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தைக் குழந்தைகளுக்கான இலவசக் கதைக் களஞ்சியமாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். வியாசர்பாடியில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் இரண்டு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்திவரும் நான், கைபேசித் திரையில் கதை படிக்க அது எவ்வளவு உதவுகிறது என்று இங்கே மதிப்பிடப் போவதில்லை. சொந்தமாக ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாத வீட்டுப் பிள்ளையின் கையில், அந்தப் பிள்ளைக்கே உரிய புத்தகம் ஒன்றைக் கொண்டு சேர்க்க அது எவ்வளவு உதவுகிறது என்பதே என் கேள்வி.

எங்கள் மையத்துக்கு வரும் இருபத்தைந்து பிள்ளைகளின் பெற்றோர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்து விற்கிறார்கள். அரசு தரும் விலையில்லாப் பாடநூல்களும் நாள்காட்டியும் தவிர வேறு அச்சுத் தாள் இல்லாத வீடுகள் இவற்றில் மிகுதி. பிள்ளைகள் கதைப் புத்தகத்தையே பார்த்ததில்லை என்று சொல்லவும் முடியாது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்த பிறகு நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் அழகான சிறு நூல்கள் வகுப்பறைக்கு வந்திருக்கின்றன. ஆயினும் அவை வகுப்பறைக்கு உரியவை. நூலகச் சட்டத்தை 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றி நாட்டுக்கு முன்னோடியான மாநிலம் இது. கிளை நூலகங்களின் அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுக்குள் இரவல் புத்தகம் ஒன்று நுழையும்போது, அது கடன் வாங்கிய பொருளாகவே நுழைகிறது. "தொடாத, கிழிஞ்சா யாரு காசு கட்டறது?" என்று தாய் அதைப் பீரோவின் மேல் தூக்கி வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாள்வரை அது அங்கேயே பத்திரமாக, படிக்கப்படாமல் இருக்கிறது.

சொந்தம் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னி ஆலையில் நெசவுத் தொழிலாளியாக இருந்த என் தந்தை, மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன், அங்கே ஐம்பது காசுக்கு மேலட்டை கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து என்னிடம் தந்தார். அதன் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொண்டேன்; படங்களுக்கு மீசை வரைந்தேன்; கடைசிப் பக்கம் இல்லாததால் முடிவை நானே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டேன். இரவல் புத்தகத்தில் இவற்றில் எதையும் செய்திருக்க முடியாது. 27 நாடுகளின் தரவுகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, பெற்றோரின் கல்வியும் தொழிலும் ஒரே நிலையில் இருக்கும்போதும், புத்தகமுள்ள வீட்டில் வளரும் பிள்ளைகள் கூடுதலான ஆண்டுகள் படிப்பைத் தொடர்கிறார்கள் என்று கண்டது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில்தான் முதல் சில புத்தகங்களின் பயன் பெரிதாக இருக்கிறது என்றும் அது கூறியது. எங்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

நல்ல மனத்தோடு வரும் பழைய புத்தக நன்கொடைகள் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. ஒருமுறை நகரின் வேறொரு பகுதியிலிருந்து மூன்று பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள், பாதி எழுதிய பயிற்சி ஏடுகள், ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி மட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய தமிழ்க் கதை ஒன்றுகூட அவற்றில் இல்லை. அதன் பிறகுதான், கிடைப்பதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேண்டியதைத் தேர்ந்து நாங்களே அச்சிட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

அதற்கு ஸ்டோரிவீவர் இடம் தருகிறது என்பதுதான் அதன் முதன்மையான சிறப்பு. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு புத்தகம் என்ற நோக்கத்துடன் 2004-இல் தொடங்கிய இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015-இல் இந்தத் தளத்தை ஏற்படுத்தியது. இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதைகள் உள்ளன. கட்டணம் இல்லை, ஒரு கணக்கு தொடங்கினால் கதைகளை பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இலவசமாகக் கதை தரும் செயலிகள் வேறும் உண்டு. ஆனால் இங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தில் வெளியாவதால், எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லிவிட்டு, யாரிடமும் தனியே அனுமதி கேட்காமல் அவற்றை அச்சிடலாம், மாற்றலாம், வேறு மொழிக்குக் கொண்டுபோகலாம். பெயர்களும் உரிம விவரமும் கோப்பின் இறுதியில் இருக்கும். தாளை மிச்சப்படுத்துவதற்காக அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஒரு கதைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் முதலில் அறிந்துகொள்வது அந்தப் பக்கத்தில்தான்.

இனி அச்சிடும் வேலைக்கு வருகிறேன், ஏனெனில் இதைச் செய்ய விரும்புவோர் என்னிடம் கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான். பதினாறு பக்கக் கதையை ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவில் அச்சிட்டால் நான்கு தாள்கள், அதாவது எட்டுப் புறங்கள் ஆகும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் மொத்தமாகக் கொடுத்தால் கறுப்பு வெள்ளைக்குப் புறத்துக்கு ஒரு ரூபாய்; மேலட்டையை மட்டும் கெட்டித் தாளில் வண்ணத்தில் எடுக்கப் பத்து ரூபாய். ஆகப் பதினெட்டு ரூபாயில் ஒரு புத்தகம் தயாராகிவிடுகிறது. எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் எடுத்தால் எண்பது ரூபாயைத் தாண்டும். அந்த விலைக்குள் நல்ல தாளில் அச்சான குழந்தை நூல்களைப் பிரதம் புக்ஸும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிடுவதால், வண்ணமே உயிராக உள்ள கதையை அச்சு நூலாக வாங்கிவிடுவதுதான் அறிவுடைமை. கறுப்பு வெள்ளைக்கு வெள்ளைப் பின்புலமும் கோட்டுச் சித்திரமும் உள்ள கதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கம் முழுவதும் இருண்ட வண்ணம் பரவிய படங்கள் கரிப்பூச்சாக வந்து முகங்களே தெரியாமல் போகும். கோட்டுச் சித்திரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைகள் தாங்களே வண்ணம் தீட்டிக்கொள்வதால், ஒரே கதையின் இருபத்தைந்து படிகளும் இருபத்தைந்து விதமாகிவிடுகின்றன.

தளத்திலிருந்து கதையை இறக்கிக்கொள்ளும்போது உயர்தர பிடிஎஃப் கோப்பையே எடுக்க வேண்டும். குறைந்த தரத்தில் உள்ளது திரைக்குப் போதும், தாளில் எழுத்து மங்கும். அச்சிடும் மென்பொருளில் புக்லெட் என்னும் தேர்வைக் கொடுத்தால் பக்கங்கள் மடிப்புக்கு ஏற்ற வரிசையில் தாமாகவே அமையும். அகலவாக்கில் அமைந்த கதைகளுக்கு மட்டும் இது ஒத்துவராது. அவற்றை ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு பக்கங்கள் வரும்படி எடுத்து, நடுவே வெட்டி, இடப்புறம் தைத்துவிடுகிறோம். தைப்பது என்று நான் சொல்வது உண்மையாகவே ஊசி நூலால் தைப்பதைத்தான். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் பகுதி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனையோ பிள்ளைகளின் பாடநூல்கள் ஊறிப்போயின. ஈரத்தில் ஸ்டேப்ளர் கம்பி துருவேறித் தாளை அரிக்கும், நூல் அரிக்காது. அதுபோல மை தெளிக்கும் இங்க்ஜெட் அச்சு தண்ணீர் பட்டால் கரைந்து வழியும். சூட்டில் தாளோடு உருகி ஒட்டும் பொடியால் ஆன லேசர் அச்சும் ஜெராக்ஸும் அப்படிக் கரைவதில்லை. முதல் தொகுதியை இங்க்ஜெட்டில் எடுத்துப் பாழாக்கிய பிறகே இது எனக்குத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் புத்தகங்களை வைத்துக்கொள்ள மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொடுக்கிறோம். அதைப் பரணில் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

புத்தகங்களைக் கொடுத்த முதல் நாளில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் படியைப் புரட்டாமல் நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இத்த நானே வச்சிக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள். வைத்துக்கொள்ளலாம், பெயரையும் எழுதிக்கொள் என்றேன். பேனாவில் எழுதலாமா என்று மீண்டும் கேட்டாள்.

தமிழ்க் கதைகளின் மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தளம் கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் அடங்கும், நான்காம் நிலைக் கதைகள் 1500 சொற்களைத் தாண்டும். சொற்களை எண்ணும் இந்த அளவுகோல் தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பது என் கருத்து. பிற மொழிகளில் மூன்று நான்கு சிறு சொற்களாகப் பிரிந்து நிற்பது நம் மொழியில் ஒரே சொல்லாகச் சேர்ந்துகொள்கிறது. "ஓடிக்கொண்டிருந்தான்" என்பது கணக்கில் ஒரு சொல்தான். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கோ அது பத்து எழுத்துகளைக் கடக்கும் பயணம். ஆகவே, நிலை எண்ணைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு கதையையும் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறோம். யாரும் மொழிபெயர்க்கலாம் என்ற திறந்த முறை இருப்பதால், தேர்ந்த கையால் வந்த தமிழும் புதிய ஆர்வலரின் தமிழும் அங்கே அருகருகே இருக்கும். வாய்விட்டுப் படிப்பது இதற்கும் உதவுகிறது.

கடினமாக இருந்தால் கதையைக் கைவிட வேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒரு கதையை எடுத்து, வேறு வாசிப்பு நிலைக்கு ஏற்றபடி திருத்தி, நமது வடிவமாக வெளியிடும் வசதி தளத்திலேயே உள்ளது. "ஓடிக்கொண்டிருந்தான்" என்பதை "ஓடினான்" ஆக்குகிறோம். நீண்ட வாக்கியத்தை இரண்டாக முறிக்கிறோம். இதில் பிள்ளைகளே எனக்கு ஆசிரியர்கள். அவர்கள் எந்தச் சொல்லில் இடறுகிறார்களோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த அச்சில் அதை மாற்றுகிறேன்.

புதுக் கதையை எழுதிப் படங்களுடன் சேர்க்கவும் அங்கே வழி உண்டு. எங்கள் பிள்ளைகள் தெருமுனை கேரம் கிளப்பைப் பற்றி ஒரு கதை எழுதினார்கள். போரிக் பவுடர் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காய்கள் நகர மறுக்க, வீட்டிலிருந்து முகப்பவுடரை எடுத்து வந்தவன் அம்மாவிடம் அகப்பட்டுக்கொள்வதுதான் கதை. படங்களையும் அவர்களே வரைந்தார்கள். அந்தக் கோப்பை நான் வேர்டு வடிவில் ஒரு கடைக்கு அனுப்பியதால், ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துகளெல்லாம் சிதறி வந்தன; தமிழை எப்போதும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்ப வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தளத்தில் ஏற்றும் எதுவும் உலகில் எவரும் எடுத்தாளத்தக்கதாகிவிடும் என்பதால், பிள்ளைகளின் புகைப்படம், முழுப் பெயர், பள்ளியின் பெயர் ஆகியவற்றை நாங்கள் ஏற்றுவதில்லை.

பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சேவையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானவர்களுக்கு நிலைமை வேறு. பதினாறு பக்கங்களை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "பெருசா ஏதாவது இருக்கா மிஸ்?" என்று கேட்கும் அவர்களுக்கு நூறு பக்கக் கதை வேண்டும், அதை ஜெராக்ஸ் எடுத்துத் தைப்பது விலையிலும் கட்டாது, கையிலும் நிற்காது. அவர்களுக்காக ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அழைத்துப்போகிறோம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். இந்த ஆண்டு எட்டுப் பேருக்கும் ஆளுக்கு இருநூறு ரூபாய் கையில் கொடுத்து, எதை வாங்குவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டோம். பத்து சதவீதத் தள்ளுபடியைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு, மூன்று மணி நேரம் அரங்கு அரங்காக அலைந்த பிறகு, அவர்களில் இருவர் தங்கள் பணத்தை ஒன்றாகச் சேர்த்துத் தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினார்கள். திங்கள் முதல் புதன்வரை ஒருவன் வீட்டிலும், வியாழன் முதல் சனிவரை மற்றவன் வீட்டிலும் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்துவிடுகிறது.