கீசர் குழாய் இணைப்புச் சேவை: மதிப்புரை

கீசரைப் பொருத்த வந்த பிளம்பர், குளிர்நீர் நுழையும் வழியில் பாதுகாப்பு வால்வு இருப்பதை உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்கினார். நீர் சூடாகி விரியும்போது தொட்டிக்குள் அழுத்தம் ஏறும் என்பதால், அந்த வால்வின் வெளியேற்றுக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்றும், சூடாகும் வேளையில் அதிலிருந்து சில துளிகள் சொட்டுவது இயல்பே என்றும் பொறுமையாக விளக்கினார். இதற்காகவே இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சுடுநீர் வழிக்குச் சாதாரண பி.வி.சி. குழாயை மறுத்து, 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் சி.பி.வி.சி. குழாயையே பதித்தார். தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் நீர் சீராக வந்த பின்னரே மின் இணைப்பைக் கொடுத்தார். எங்கும் கசிவில்லை. துளையிட்ட தூசியைத் துடைக்காமல் சென்றது மட்டுமே குறை.