தலைசுற்றலுக்குக் கழுத்துப் பட்டை விற்றார்கள்

சேலம் பக்கம் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 74. போன ஆடியில் ஒரு விடியற்காலை, வலப்பக்கம் புரண்டு படுத்தவர் "சுவர் ஓடுகிறது கண்ணு, கட்டிலைப் பிடி" என்று அலறினார். அரை நிமிடத்தில் நின்றது. எழுந்தால் மறுபடியும், அண்ணாந்து பரணைப் பார்த்தால் மறுபடியும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடியே கடந்து சேலத்துக்கு இறங்கினார்.

நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. மருத்துவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது" என்றார். அந்த வயதில் பெரும்பாலோருக்குத் தேய்மானம் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் கடையிலேயே கழுத்துப் பட்டை, கழுத்தை இழுத்துவைக்கும் சிகிச்சையாகப் பத்து நாள் டிராக்‌ஷன், தலைசுற்றலுக்குச் சின்னரிசின் மாத்திரை. 23,000 ரூபாய். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார்கள்.

சுற்றல் நிற்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது, கால் தரையைத் தேய்த்தது, முகத்தில் சிரிப்பே வற்றிவிட்டது. போய்க் கேட்டால், வயதாகிவிட்டதாம். கார்த்திகையில் குளியலறை வாசலில் விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். எப்படி விழுந்தார் என்று விசாரித்த இளம் மருத்துவர், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே அம்மாவை உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாத்திக் கண்களைப் பார்த்தார்கள். கருவிழிகள் துடித்தன. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, 1952லிருந்து இருப்பது. ஒரு கட்டிலும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் 23,000 வாங்கியவர்கள் தரவில்லை.

உள்காதில் ஒரு பையில் ஒட்டியிருக்கும் சுண்ணத் துகள்கள் வயதானால் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் நழுவிவிடுகின்றன. தலை அசையும்போது அவை குழலின் நீரைத் தள்ள, உடம்பே சுழல்வதாக மூளைக்குச் சேதி போகிறது. எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை வெளியேற்றினார்கள். இரண்டாம் முறையோடு சுற்றல் நின்றது. திரும்ப வரலாம், வந்தால் இதையே செய்யலாம் என்றார்கள். எந்தக் காது என்று தெரியாமல் வீட்டில் முயலாதீர்கள்.

மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் அதை நிறுத்தச் சொன்னார்கள். சின்னரிசினையும் அதேபோல் தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசைனையும் முதியவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வரலாம். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை இன்றே பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்க மரப்பு சேர்ந்தால் அது இந்தக் காதுச் சுற்றல் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

அம்மாவின் நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. அந்த மருத்துவமனைக்கு ரசீது நகல்களோடு கடிதம் எழுதி ஆறு வாரமாகிறது, பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.