மெழுகுப் பாளம்: சுத்தியலா, சுடு கத்தியா?

பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழா நெருங்கினால், அல்சூரில் எங்கள் மாடியில் மெழுகுவர்த்தி வேலை ஓயாது. பாரஃபின் மெழுகு பாளம் பாளமாக வரும். அப்படியே உருக்கும் பாத்திரத்தில் இறக்க முடியாது, உடைத்தாக வேண்டும்.

என் ஓட்டு சுத்தியலுக்குத்தான். பாளத்தைப் பாலித்தீனில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் போட்டு, சிமெண்ட் தரையில் வைத்து ஓரத்திலிருந்து தட்ட வேண்டும். பாலித்தீன் இல்லாவிட்டால் சாக்கு நார் மெழுகில் ஒட்டி, பிறகு பொறுக்கியே பொழுது போய்விடும். நடுவில் அடித்தால் வெள்ளைத் தழும்பு விழுமே தவிர பிளக்காது. குளிர்ந்த பாரஃபின் சடசடவென்று நொறுங்கும். அதற்கு பெங்களூரு விடியற்காலை தோதான நேரம். மதியம் வெயிலில் கிடந்த பாளமோ அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். சில்லுகள் சிறிதாக இருப்பதால் சீக்கிரம் உருகும்.

அண்ணி கத்திக் கட்சி. வெந்நீரில் முக்கி எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு அழுத்துவார். துடைக்காமல் விட்டால், அந்தச் சொட்டு உருகும் மெழுகில் சேர்ந்து சூட்டில் தெறிக்கும். 200 கிராம் கேட்டால் கிட்டத்தட்ட 200 கிராமே வெட்டித் தருவார்; சிதறலும் இல்லை. ஆனால் நாலு வெட்டுக்குள் மணிக்கட்டு கழன்றுவிடும், 20 கிலோவுக்கு ஆகிற காரியமில்லை.

தேன்மெழுகு மட்டும் விதிவிலக்கு. பிசுக்கென்று இருக்கும் அதற்குக் கத்திதான். இரவு 9 மணிக்கு மேலும் கத்திதான், கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார்.