எழுத்தோரப் பிசிறு: மழுக்கி இறுக்குவதா, நாலு மடங்கில் வரைவதா?

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஒரு தலைப்பெழுத்து செய்துகொண்டிருந்தேன். தங்க நிறம், சுற்றிலும் கறுப்புக் கரை, மேலே லேசான புடைப்பு. நேர்கோடுகளால் ஆன 'ப'வில் குறை தெரியவில்லை. 'ழ்' வந்த இடத்தில் குட்டு உடைந்தது. சுழி முழுக்க ரம்பப் பல். தலையில் இருந்த புள்ளியின் விளிம்பில் படிக்கட்டுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மூன்று வழிகளில் சரிசெய்து பார்த்து, கடைசியில் நாலு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கும் முறைக்கு மாறிவிட்டேன்.

எழுத்துக் கருவியில் ஆன்டி-ஏலியாசிங் (விளிம்புப் பிக்சல்களைப் பாதி மறைத்து மென்மையாக்குவது) டிக் போட்டிருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். போட்டுத்தான் இருந்தது. கோளாறு அதற்குப் பிறகு நடப்பதில். விளிம்பில் பாதி மறையும் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபாவிலிருந்து (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிகிறது என்ற தகவல்) செலக்‌ஷன் எடுத்து ஒருமுறை நிறம் நிரப்பினால் அதன் அடர்த்தி 50 சதவீதம். அதே லேயரில், அதாவது அடுக்கில், இன்னொருமுறை நிரப்பினால் 75, மூன்றாம் முறை 87.5. மென்மையாக இருந்த விளிம்பு இப்படித்தான் கெட்டித்துப் பல்லாகிறது.

மழுக்கி இறுக்குவது அவசரக்காரர்களின் வழி. கரை லேயருக்கு 2 பிக்சல் காஸியன் பிளர் என்ற மழுக்கல், பிறகு அடர்த்தியைச் சரிசெய்யும் லெவல்ஸில் ஆல்ஃபா சேனலை எடுத்து இருபக்க முக்கோணப் பிடிகளையும் நடுவுக்கு நெருக்குவது. அடியோடு ஒட்டவைத்தால் பல் திரும்ப வந்துவிடும், கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஆல்ஃபா பூட்டு போட்டிருந்தால் மழுக்கல் வெளியே பரவாது. அதை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நிமிட வேலை, வளைவுகள் வழவழவென்று வரும். ஆனால் கூர்முனைகள் மொண்ணையாகும், 'ண'வின் சுழிக்குள் இருக்கும் சின்ன இடைவெளி அடைபடும்.

எழுத்தை அதன் வடிவத்தைப் பின்பற்றும் வளைகோடாக, அதாவது பாதையாக மாற்றி அதன்மேல் கோடு இழுத்தால் கரை மட்டும் அப்பழுக்கில்லாமல் வரும். கோடு பாதி உள்ளே, பாதி வெளியே விழும் என்பதால் 3 பிக்சல் கரைக்கு 6 பிக்சல் கோட்டை எழுத்துக்குக் கீழே உள்ள லேயரில் போட வேண்டும். 2025இல் வந்த கிம்ப் 3.0இல் எழுத்துக் கருவியிலேயே வெளிக்கோடு இருக்கிறது. கரை மட்டும் போதும் என்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம். எனக்குப் புடைப்பும் வேண்டியிருந்தது, புடைப்பின் பல்லைப் பாதை தீர்க்காது.

நாலு மடங்கு முறையின் கணக்கு எளிது. 1500×500 படம் வேண்டுமென்றால் 6000×2000இல் வரைய வேண்டும். சுருக்கும்போது 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. பெரிய படத்தில் விளிம்பு அப்பட்டமான படிக்கட்டாகவே இருந்தாலும், சிறியதில் பதினாறில் எத்தனை நிரம்பியது என்பதைப் பொறுத்து நிறம் படிப்படியாகக் கரையும். கரை, நிழல், புடைப்பு எதுவானாலும் ஒரே மருந்து. எல்லா அளவையும் நாலால் பெருக்க மறக்கக்கூடாது: 3 பிக்சல் கரை என்றால் 12. சுருக்கும்போது இடைக்கணிப்பை (புதுப் பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் முறை) 'None' என்று விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கியூபிக் அல்லது நோஹேலோ வையுங்கள். விலை நினைவகத்தில் போகிறது. 8 பிட்டில் ஒரு லேயருக்கே ஏறத்தாழ 48 எம்பி. லேயர் பத்தைத் தாண்டியதும் என் பழைய கணினி மூச்சு வாங்கியது.

அப்படியும் ஏன் இதையே பிடித்துக்கொண்டேன்? திருத்தம். படம் முடிந்து ஒரு வாரம் கழித்து 'ல' இல்லை, 'ள' என்று தகவல் வந்தது. மழுக்கிய முறையில் அந்த முக்கோணங்களை எங்கே நிறுத்தினேன் என்பது கண்ணுக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. புது எழுத்தின் கரை பழையதோடு ஒத்துப்போகவே இல்லை. நாலு மடங்குக் கோப்பிலும் கரையைத் திரும்பப் போடத்தான் வேண்டும், ஆனால் 12 என்று தட்டினால் முடிந்தது. பிறகு அதே தலைப்பை இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்டபோது புதிதாக எதுவும் வரையவில்லை. மூலத்தைப் பாதியாகச் சுருக்கிக் கொடுத்தேன். மூலத்தின் நகலில்தான் சுருக்க வேண்டும். ஒருமுறை சின்னதைப் பெரிதின் மேலேயே சேமித்துவிட்டு ஒரு மாலையைத் தொலைத்தேன்.

போட்டோஷாப்பில் லேயர் ஸ்டைலாகப் போடும் ஸ்ட்ரோக், எழுத்தை மாற்றினால் தானே மாறிக்கொள்ளும். அதில் நான் அதிகம் புழங்கியவன் அல்ல. அங்கே இவ்வளவு மெனக்கெடத் தேவைப்படாமல் போகலாம்.

எதில் செய்தாலும் பின்னணி இல்லாத எழுத்தை ஜிஃப்பாகச் சேமிக்காதீர்கள். அதில் ஒரு பிக்சல் முழுதாக இருக்கும், அல்லது முழுதாக மறையும். பாதி என்பதே கிடையாது. பிஎன்ஜிதான் சரி. 14 பிக்சல் உயரப் பொடி எழுத்துக்கு மட்டும் நாலு மடங்கு வேண்டாம். மெல்லிய கோடுகள் சுருங்கிச் சாம்பலாகிவிடும். அதை அதே அளவில் நேராக அடித்து, ஹின்டிங்கை (எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துவது) மாற்றி மாற்றி 100 சதவீதப் பார்வையில் பாருங்கள்.